சவுக்கும் சொல்லும்: அமெரிக்கக் கறுப்பின மக்கள் எழுத்தைக் கைப்பற்றிய வரலாறு

1

எங்கள் தெருவில் மாலை வகுப்பு நடத்துகிறோம். சின்னப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு கல்லூரியில் படிக்கிற நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆங்கில இலக்கியம் படிக்கிற ஒரு பெண் அன்றைக்கு ஒரு நோட்டை நீட்டினாள். அமெரிக்க இலக்கியத் தாளுக்காக எழுதி வைத்த கடினச் சொற்கள். ஒரு பக்கத்தில் ஹாதார்னின் 'ஸ்கார்லெட் லெட்டர்' நாவலில் வருகிற 'இக்னாமினி'. அடுத்த பக்கத்தில் ஃப்ரெடரிக் டக்ளஸின் தன்வரலாற்றில் வருகிற 'அபாலிஷன்', 'இமான்சிபேஷன்'. "அண்ணே, இதுல பாதி வாயிலயே நுழைய மாட்டேங்குது. காலேஜ்ல சொல்றாங்க, ஒங்களுக்கெல்லாம் இது வராது, கைடு வாங்கிக் கதையை மட்டும் படிச்சுப் பாஸ் பண்ணிக்கங்கன்னு. அப்படியே பண்ணிரட்டுமா?" என்று கேட்டாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் தமிழ் படித்தவன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஒரு கருத்தரங்கில் ஆங்கிலப் பத்தி ஒன்றை வாசிக்கச் சொன்னார்கள். 'கர்னல்' என்று சொல்ல வேண்டியதை, எழுத்தில் இருந்தபடி 'கொலோனல்' என்று வாசித்துவிட்டேன். அரங்கமே சிரித்தது. எழுதியிருப்பதை எழுதியபடி வாசித்தவன்மீது என்ன குற்றம் என்று அன்றைக்குக் கேட்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ரொம்ப நாள் ஆங்கிலப் புத்தகத்தை யார் முன்னாலும் வாய்விட்டு வாசித்ததில்லை.

அதனால் அந்தப் பெண்ணின் கேள்வியை மொழிப்பாடக் கேள்வியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. 'ஒங்களுக்கு இது வராது' என்பதை முதலில் சொன்னது யார்? எதற்காகச் சொன்னான்? யாரிடம் சொன்னான்? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அவள் நோட்டில் இருந்த 'அபாலிஷன்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்தே அந்த வரலாற்றைச் சொல்லிவிடலாம்.

2

அமெரிக்காவில் அடிமை முறை நடந்த காலத்தில் கறுப்பின மக்கள் படிக்காமல் இருந்தார்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. படிக்கவிடாமல் தடுக்கப்பட்டார்கள் என்பதுதான் சரி. 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கலகம் செய்தார்கள். அடுத்த ஆண்டே, 1740இல், அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு 100 பவுண்டு அபராதம் என்று சட்டம் வந்தது. கலகத்துக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பை ஆண்டைகள் நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார்கள்.

1829இல் பாஸ்டன் நகரத்தில் பழைய துணி வியாபாரம் செய்துவந்த டேவிட் வாக்கர் என்ற கறுப்பர் 'அப்பீல்' என்று ஒரு சிறுநூல் வெளியிட்டார். அடிமைகளை நேரடியாக விளித்து, எழுந்து நில்லுங்கள் என்று சொன்ன நூல் அது. துறைமுகத்து மாலுமிகள் கையோடு அது தெற்கு மாநிலங்களுக்குள் நுழைந்தது. உடனே அங்கே நடுக்கம். 1830இல் வட கரோலினா புதுச் சட்டம் போட்டது. அடிமைக்கு வாசிக்கவோ எழுதவோ சொல்லிக்கொடுக்கிற வெள்ளையருக்கு 100 முதல் 200 டாலர் வரை அபராதம் அல்லது சிறை. சொல்லிக்கொடுப்பவர் சுதந்திரக் கறுப்பராக இருந்தால் சவுக்கடியும் உண்டு. ஓர் அடிமை இன்னோர் அடிமைக்குச் சொல்லிக்கொடுத்தால் 39 சவுக்கடி.

அந்தச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. எண்களைக் கற்றுக்கொடுக்கலாம். மூட்டையை எண்ண வேண்டும், பீப்பாயை எண்ண வேண்டும், அறுவடையைக் கணக்குப் பார்க்க வேண்டும். ஆண்டைக்கு அது தேவை. எண் தெரிந்த அடிமை லாபம். எழுத்துத் தெரிந்த அடிமை ஆபத்து. நம்ம ஊரிலும் களத்துமேட்டில் மரக்கால் கணக்கைச் சொல்லத் தெரிந்தால் போதும், பத்திரத்தை வாசிக்கத் தெரியக் கூடாது என்று வைத்திருந்தார்களே, அந்தப் புத்திதான் இது.

எல்லா மாநிலத்திலும் சட்டம் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டக்ளஸ் வளர்ந்த மேரிலாந்தில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது. ஆனால் அங்கிருந்த ஆண்டைகள் அது சட்டவிரோதம் என்றுதான் பேசினார்கள். அப்படித்தான் நடந்துகொண்டார்கள். ஊர்க் கட்டுப்பாடு இருக்கும்போது சட்டப் புத்தகம் எதற்கு? இதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

3

ஃப்ரெடரிக் டக்ளஸ் 1818இல் மேரிலாந்தின் டால்பட் கவுண்டியில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். பிறந்த தேதி தெரியாது. குதிரைக்குத் தன் வயது எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அடிமைக்கும் தெரியும் என்று பிறகு எழுதினார். 1826இல், எட்டு வயதுப் பையனாக, பால்டிமோர் நகரத்தில் ஹியூ ஆல்ட் என்பவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்த வீட்டம்மா சோஃபியா அதுவரை அடிமை வைத்துப் பழகாதவர். பையனுக்கு ஏ, பி, சி சொல்லிக்கொடுத்தார். மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்கள் வரைக்கும் பாடம் வந்துவிட்டது.

வீட்டுக்காரனுக்குத் தெரிந்தது. உடனே நிறுத்து என்றான். படிக்கத் தெரிந்துவிட்டால் இவன் அடிமையாக இருக்கவே லாயக்கில்லாமல் போய்விடுவான், இவனுக்கும் நிம்மதி இருக்காது, நமக்கும் பயன்பட மாட்டான் என்று பையனை வைத்துக்கொண்டே மனைவிக்கு விளக்கம் சொன்னான். டக்ளஸ் இதைத்தான் தன் வாழ்க்கையின் முதல் பாடம் என்கிறார். ஆண்டை எதைக் கண்டு பயப்படுகிறானோ அதில்தான் நம் விடுதலைக்கு வழி இருக்கிறது என்பது அந்த எட்டு வயதில் அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

அதற்கப்புறம் அவர் படித்ததெல்லாம் திருட்டுப் படிப்புத்தான். வேலையாகக் கடைத்தெருவுக்குப் போகும்போது சட்டைக்குள் ரொட்டி கொண்டுபோவார். தெருவில் பசியோடு திரிகிற ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து, பதிலுக்கு ஒரு பாடம் வாங்கிக்கொள்வார். கப்பல் பட்டறையில் தச்சர்கள் மரத்துண்டுகளில் எழுத்துக் குறி போடுவார்கள். இடப்பக்கத்துக்கு எல், வலப்பக்கத்துக்கு எஸ், முன்பகுதிக்கு எஃப், பின்பகுதிக்கு ஏ. அந்த நாலு எழுத்தை வைத்து எழுதப் பழகினார். பிறகு சிறுவர்களிடம் சவால் விடுவார்: "நான் எழுதுற மாதிரி நீ எழுதுவியா?" அவர்கள் தோற்கடிப்பதற்காக வேறு எழுத்துகளை எழுதிக் காட்டுவார்கள். இவர் பார்த்துக் கற்றுக்கொள்வார். வேலிப் பலகையும் செங்கல் சுவரும் தெருத் தளமும் சிலேட்டு. சுண்ணாம்புக் கட்டி பேனா. வீட்டுப் பையன் பள்ளிக்கூடத்தில் எழுதி முடித்துத் தூக்கிப்போட்ட காப்பி நோட்டில், வரிகளுக்கு இடையே இருந்த காலி இடத்தில், அவன் எழுத்தைப் பார்த்து எழுதினார்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். 'அபாலிஷன்'. வெள்ளையர்கள் பேசும்போது இந்தச் சொல் அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஓர் அடிமை தப்பி ஓடினால் அபாலிஷன் வேலை. களஞ்சியத்தில் தீப்பிடித்தால் அபாலிஷன் வேலை. ஆண்டையை எவனாவது கொன்றுவிட்டால் அதுவும் அபாலிஷன் வேலை. இவ்வளவு கோபத்தோடு பேசுகிறார்களே, அப்படியென்றால் இது நமக்கு வேண்டிய சொல்லாகத்தான் இருக்கும் என்று பையனுக்குத் தோன்றியது. யாரிடமாவது கேட்கலாம் என்றால் பயம். கேட்டாலே சந்தேகம் வரும். அகராதியைத் தேடி எடுத்துப் பார்த்தார். 'அபாலிஷ்' செய்வதுதான் 'அபாலிஷன்' என்கிற மாதிரிப் போட்டிருந்தது. எதை அபாலிஷ் செய்வது? அகராதி சொல்லவில்லை.

இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிரித்தேன். அகராதியில் ஒரு சொல்லைத் தேடினால் அது இன்னொரு சொல்லைக் காட்டும். அதைத் தேடினால் மறுபடியும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடும். முதல் தலைமுறையாய்ப் படிக்கிறவர்கள் எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். வீட்டில் கேட்க ஆள் இல்லாதவனுக்கு அகராதி மட்டும் போதாது.

சில காலம் கழித்து நகரத்துச் செய்தித்தாள் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. தலைநகர் அமைந்துள்ள கொலம்பியா மாவட்டத்தில் அடிமை முறையை ஒழிக்கவும், மாநிலங்களுக்கிடையே நடக்கிற அடிமை வியாபாரத்தை நிறுத்தவும் கோரி, வடக்கு மாநிலங்களிலிருந்து நாடாளுமன்றத்துக்கு மனுக்கள் போயிருக்கின்றன என்று அதில் செய்தி. அந்தக் கணத்தில் சொல் திறந்துகொண்டது. தன்னை விடுவிக்க வேண்டும் என்று எங்கோ முகம் தெரியாத ஆட்கள் மனுப் போடுகிறார்கள். அகராதியால் சொல்ல முடியாத பொருளை நடந்துகொண்டிருந்த ஒரு போராட்டம் சொல்லிவிட்டது.

4

பன்னிரண்டு வயது வாக்கில், பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுச் சேர்த்த காசில், 50 சென்ட் கொடுத்து 'கொலம்பியன் ஓரேட்டர்' என்ற புத்தகத்தை வாங்கினார். 1797இல் கேலப் பிங்கம் என்ற பள்ளி ஆசிரியர் தொகுத்த மேடைப்பேச்சுப் பாடநூல் அது. வெள்ளைப் பிள்ளைகள் பள்ளியில் பேசிப் பழகுவதற்காக அச்சடித்தது. அதில் ஓர் உரையாடல். மூன்றாவது முறை தப்பி ஓடிப் பிடிபட்ட அடிமையும் அவனுடைய ஆண்டையும் வாதம் செய்கிறார்கள். அடிமை ஒவ்வொரு நியாயத்தையும் உடைக்கிறான். கடைசியில் ஆண்டை அவனை விடுவித்துவிடுகிறான். 'இமான்சிபேஷன்' என்ற சொல் டக்ளஸுக்கு இப்படித்தான், வாதத்தின் முடிவில் கிடைக்கிற ஒன்றாக, அறிமுகமாகிறது.

தனக்குள் அரைகுறையாக எழுந்து பேச்சாக வர முடியாமல் செத்துப்போன எண்ணங்களுக்கு இந்தப் புத்தகம் நாக்குக் கொடுத்தது என்ற பொருளில் டக்ளஸ் எழுதுகிறார். கடினச் சொல் எதற்கு என்று கேட்கிற தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அநியாயம் நடக்கிறது என்பது அடிமைக்குத் தெரியும். முதுகில் இருக்கிற தழும்பு தினமும் சொல்கிறது. ஆனால் அதை வழக்காக மாற்ற, எதிராளியின் முகத்துக்கு நேரே நிறுத்திப் பேச, சொல் வேண்டியிருக்கிறது.

இதில் இன்பம் மட்டும் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. டக்ளஸ் அதையும் மறைக்கவில்லை. படித்ததனால் தன் நிலைமை முழுசாகத் தெரிந்துவிட்டது, தப்பிக்க வழி மட்டும் தெரியவில்லை. ஹியூ ஆல்ட் சொன்ன மாதிரியே நிம்மதி போய்விட்டது. எழுத்துத் தெரியாத சக அடிமைகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று ஒத்துக்கொள்கிறார். நம்ம வீடுகளில் படித்துவிட்டு வேலை இல்லாமல், ஊரோடும் ஒட்ட முடியாமல் உட்கார்ந்திருக்கிற பையன்களுக்கு இந்த வலி தெரியும். படிப்பு தன்னால் யாரையும் விடுதலை செய்துவிடாது.

அவர் தனியாக அந்த வலியோடு உட்கார்ந்துவிடவில்லை. பண்ணை வேலைக்குத் திரும்ப அனுப்பப்பட்ட பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சக அடிமைகளுக்கு ரகசியமாகப் பாடம் நடத்தினார். முதலில் ஓரிடத்தில் நடத்தியதை, தடிகளோடு வந்த கிறிஸ்தவ வெள்ளையர்களே கலைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அடிமைகள் குடித்துக் குத்துச்சண்டை போட்டால் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை, பைபிளை வாசித்தால்தான் ஆட்சேபம். பிறகு இன்னோர் இடத்தில் நடத்திய வகுப்பில் ஒரு கட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பிடிபட்டால் ஒவ்வொருவர் முதுகிலும் 39 அடி விழும் என்று தெரிந்தே வந்தார்கள். 1838 செப்டம்பர் 3ஆம் தேதி, மாலுமி வேடத்தில், வேறொருவருடைய அடையாளச் சீட்டோடு டக்ளஸ் ரயிலேறித் தப்பினார்.

5

தப்பித்து வந்தவரை வடக்கு எப்படி வரவேற்றது? அடிமை முறைக்கு எதிரான சங்கத்தார் 1841இலிருந்து அவரை மேடை ஏற்றினார்கள். பேச்சைக் கேட்ட கூட்டம் அசந்துபோனது. பிறகு சந்தேகப்பட்டது. இவ்வளவு நல்ல ஆங்கிலம் பேசுகிறவன் அடிமையாக இருந்திருப்பானா? இதைக் கண்டு சங்கத்து வெள்ளைத் தோழர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? பேச்சில் பண்ணைக் கொச்சையைக் கொஞ்சம் விட்டுவை, ரொம்பப் படித்தவன் மாதிரித் தெரியாதே. நடந்ததை மட்டும் நீ சொல், தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். 1855இல் வெளிவந்த இரண்டாவது தன்வரலாற்றில் டக்ளஸ் இதை மனக்கசப்போடு பதிவு செய்திருக்கிறார்.

எதிரி 'ஒனக்கு வராது' என்கிறான். நண்பன் 'ஒனக்கு வேண்டாம்' என்கிறான். இரண்டுக்கும் நடுவில் நாம். தலித் எழுத்து என்றால் கண்ணீரும் பசியும் வசவும் இருந்தால் பாராட்டுகிறவர்கள், அதே எழுத்தாளர் கோட்பாடு பேச ஆரம்பித்தால் முகம் சுளிக்கிறார்கள் அல்லவா? 'அசலா இல்லையே' என்கிறார்கள் அல்லவா? அந்த முகச்சுளிப்புக்கு வயது அதிகம்.

சந்தேகத்துக்குப் பதிலாகத்தான் 1845இல் டக்ளஸ் தன் முதல் நூலை எழுதினார். ஆண்டையின் பெயர், ஊர் எல்லாவற்றையும் வெளிப்படையாகப் போட்டார். அட்டையில் 'அவரே எழுதியது' என்று போட வேண்டியிருந்தது. நூலே அவரைக் காட்டிக்கொடுத்தது. பிடித்துக்கொண்டு போகலாம் என்ற நிலைமையில் கடல் கடந்து அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் போனார். அங்கிருந்த ஆதரவாளர்கள் 150 பவுண்டு கொடுத்து 1846இல் அவருடைய விடுதலையை விலைக்கு வாங்கினார்கள்.

அவருக்கு முன்னாலும் பின்னாலும் இதே கதைதான். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 1761இல் பிடித்துவரப்பட்ட சிறுமி ஃபிலிஸ் வீட்லி. ஏற்றி வந்த கப்பலின் பெயரையே அவளுக்கு வைத்தார்கள். 1773இல் லண்டனில் அவர் கவிதைகள் நூலாக வந்தபோது, இதை இந்தப் பெண்தான் எழுதினாள் என்று ஆளுநர் உட்பட பாஸ்டனின் 18 பெரிய மனிதர்கள் கையெழுத்திட்ட சான்றிதழையும் சேர்த்து அச்சிட்டார்கள். ஹேரியட் ஜேக்கப்ஸ், பாட்டி வீட்டுக் கூரையடியில் நிமிர்ந்து நிற்க முடியாத ஓர் இடுக்கில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்து கிடந்து தப்பியவர். 1861இல் புனைபெயரில் தன்வரலாறு எழுதினார். நடை இவ்வளவு தேர்ந்ததாக இருக்கிறதே, வெள்ளைக்கார எழுத்தாளர் யாரோ எழுதிய நாவல்தான் என்று நூறாண்டுக்கு மேல் அறிஞர்கள் பலர் நம்பினார்கள். ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற ஆய்வாளர் கடிதங்களைத் தோண்டியெடுத்து 1980களில்தான் அது ஜேக்கப்ஸ் எழுதியது என்று நிறுவினார். ஒரு பெண் தன் கையால் எழுதியதைத் தன்னுடையது என்று நிரூபிக்க 120 ஆண்டுகள்!

6

1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. விடுதலையான மக்கள் முதலில் கேட்டவற்றில் ஒன்று பள்ளிக்கூடம். நோவா வெப்ஸ்டர் 1783இல் வெளியிட்ட நீல அட்டை எழுத்துப் புத்தகம் தாத்தா கையிலும் பேரன் கையிலும் இருந்தது. புக்கர் டி. வாஷிங்டன் அதில்தான் எழுத்துக் கற்றார். அதற்கு முன்னால் அவருக்கு அடையாளம் தெரிந்த ஒரே எழுத்து '18'. உப்பளத்தில் அவருடைய மாற்றாந்தந்தை நிரப்புகிற பீப்பாய்களில் போடுகிற எண் அது. அடிமைக்கு எண் மட்டும் போதும் என்ற பழைய சட்டத்தை நினைத்துப் பாருங்கள்.

வாக்குரிமை வந்தது. அதைப் பறிக்க மறுபடியும் சொல்லையே ஆயுதமாக்கினார்கள். 1890இல் மிசிசிப்பி மாநிலம் தன் அரசியல் சட்டத்தை மாற்றி எழுதியது. வாக்காளராகப் பதிய வேண்டுமென்றால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவை வாசிக்க வேண்டும் அல்லது வாசிக்கக் கேட்டு விளக்கம் சொல்ல வேண்டும். எந்தப் பிரிவைக் கொடுப்பது, விளக்கம் சரியா தவறா என்று முடிவு செய்வது எல்லாம் பதிவு அலுவலர். வெள்ளையனுக்கு ஒரு வரி, கறுப்பனுக்கு வக்கீலே தடுமாறுகிற பத்தி. மற்றத் தெற்கு மாநிலங்களும் வெவ்வேறு வடிவத்தில் இதைச் செய்தன. முன்னால் 'படிக்காதே' என்று அடித்தார்கள். பின்னால் 'படிக்கத் தெரியாதே' என்று விரட்டினார்கள்.

இந்தப் பூட்டை உடைத்த கதை தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் நடந்தது. ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தீவிலிருந்து சார்ல்ஸ்டன் நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டினார். ஓட்டுகிறபோதே அரசியல் சட்டப் பிரிவுகளைப் பயணிகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். டென்னசியில் இருந்த ஹைலேண்டர் பள்ளியின் உதவியோடு 1957 ஜனவரியில் அங்கே முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. முன்னால் மளிகைக் கடை, பின்னறையில் வகுப்பு. வெள்ளையர் கண்ணில் படாமல் இருக்க அந்த ஏற்பாடு. இதன் பின்னால் இருந்தவர் செப்டிமா கிளார்க். கறுப்பின உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததை விடமாட்டேன் என்றதற்காக 1956இல் ஆசிரியர் வேலையை இழந்தவர். பாடம் எடுத்தவர் பெர்னிஸ் ராபின்சன். அவர் ஆசிரியர் அல்ல, கூந்தல் அலங்காரக் கடை நடத்தியவர். அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வாத்தியார் என்றால் பெரியவர்களை அதட்டுவார்.

ராபின்சன் குழந்தைகளின் பாடப் புத்தகத்தை ஓரங்கட்டினார். என்ன கற்றுக்கொள்ள விரும்புகிறீர்கள் என்று அவர்களையே கேட்டார். பெயர் எழுத வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், ஓட்டுப் போட வேண்டும். வாக்காளர் பதிவுப் படிவத்திலும் அரசியல் சட்டத்திலும் இருந்த வாயில் நுழையாத சொற்களே பாடமாயின. அறுபது வயதுக் கிழவிகள் அந்தச் சொற்களை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தார்கள். அந்தத் தீவு மக்கள் பேசுவது கல்லா என்ற, ஆப்பிரிக்க மொழிகளின் தடம் பதிந்த மொழி. அதை விட்டுவிடச் சொல்லி இந்த வகுப்பு நடக்கவில்லை. கல்லா பேசிய அதே வாய்தான் பதிவு அலுவலர் முன்னால் சட்ட ஆங்கிலத்தையும் வாசித்தது. இந்த மாதிரி வகுப்புகள் தெற்கு முழுக்கப் பரவின. 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்து தெற்கில் எழுத்தறிவுச் சோதனைக்கு முடிவு கட்டியது.

7

இன்னும் இரண்டு பேரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. மெம்ஃபிஸ் நகரத்து நூலகம் 1920களில் கறுப்பருக்குப் புத்தகம் தராது. ரிச்சர்ட் ரைட் தன்னோடு வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரரின் நூலக அட்டையைக் கடன் வாங்கினார். அந்த வெள்ளைக்காரரே எழுதிய மாதிரி, 'இந்தக் கறுப்புப் பையனிடம் புத்தகம் கொடுத்தனுப்பவும்' என்று தன்னையே இழிவாகக் குறிப்பிட்டுப் பொய்ச் சீட்டு எழுதிக்கொண்டு போனார். கிடைத்த மென்கனின் புத்தகத்தில் தெரியாத சொற்கள் நிறைய. சிலதை அகராதியில் பார்த்தார், சிலதைச் சூழலிலிருந்து பிடித்துக்கொண்டார். சொற்களைச் சண்டைக்குப் பயன்படுத்த முடியும் என்பது அங்கே அவருக்குத் தெரிந்தது. 1945இல் வந்த 'பிளாக் பாய்' நூலில் இதை எழுதியிருக்கிறார்.

மால்கம் எக்ஸ் நார்ஃபோக் சிறையில் இருந்தபோது, கடிதத்தில் நினைத்ததைச் சொல்ல வார்த்தை வரவில்லை என்று ஆத்திரப்பட்டார். ஓர் அகராதியும் எழுதுபலகைத் தாளும் பென்சிலும் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து, நிறுத்தக்குறி உட்பட, அப்படியே பார்த்து எழுத ஆரம்பித்தார். எழுதியதைத் தானே உரக்க வாசித்தார். அந்தப் பக்கத்தில் அவர் மனதில் நின்ற சொல் 'ஆர்ட்வார்க்'. ஆப்பிரிக்காவில் புற்றைத் தோண்டிக் கறையான் தின்கிற ஒரு விலங்கு. இப்படி அகராதி முழுவதையும் எழுதி முடித்தார். பிறகு வாசிப்பு. விளக்கு அணைத்த பிறகும் தாழ்வாரத்து வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து வாசித்தார். சிறைக்குள் இருக்கிறோம் என்பதே மறந்துபோனது என்கிறார்.

ஆனால் கடினச் சொல் எப்போதும் நம் பக்கமே நிற்கும் என்று நம்பிவிடவும் கூடாது. 1926இல் அமெரிக்கக் கல்லூரி நுழைவுக்காக எஸ்.ஏ.டி. தேர்வு வந்தது. அதை உருவாக்கிய கார்ல் பிரிகம், 1923இல் இனங்களுக்கிடையே அறிவில் ஏற்றத்தாழ்வு உண்டு என்று புத்தகம் எழுதியவர். 1930இல் அந்த முடிவு ஆதாரமற்றது என்று அவரே எழுதினார். தேர்வு மட்டும் நின்றது. அதில் ஒரு கேள்வி பிரபலம். ஓட்டக்காரனுக்கு மாரத்தான் எப்படியோ, படகு வலிப்பவனுக்கு எது? விடை 'ரெகட்டா', படகுப் போட்டி. பணக்கார வீட்டுப் பிள்ளை ஏரிக்கரையில் வேடிக்கை பார்த்தே தெரிந்துகொள்கிற சொல். சேரிப் பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கும்? விமர்சனங்களுக்குப் பிறகு 2005இல் இந்த வகைக் கேள்வியையும், 2016இல் அரிய சொற்களை வைத்துக் கோடிட்ட இடம் நிரப்பும் கேள்வியையும் எடுத்துவிட்டார்கள். அறிவை அளக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு யார் வீட்டுத் திண்ணையில் வளர்ந்தாய் என்றுதான் அளந்திருக்கிறார்கள்.

8

இந்த வரலாறு நமக்கு அந்நியம் இல்லை. மகாத்மா ஜோதிராவ் ஃபுலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். பால்டிமோர் தெருவில் ஒரு பையன் பொருள் தேடி அலைந்த அதே சொல், நாற்பதாண்டுகள் கழித்துப் புனேவில் ஒரு நூலின் முதல் பக்கத்தில் வந்து நின்றது. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் படித்தவர். 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படி கேட்டார். டுபாய்ஸும் பதில் எழுதினார். மனுவைப் பற்றிய செய்தியைப் படித்து டக்ளஸ் ஒரு சொல்லைப் புரிந்துகொண்டார். மனுவின் படியைக் கேட்டு அம்பேத்கர் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாய் இளைஞர்கள் 'தலித் பேந்தர்ஸ்' என்று பெயர் வைத்தபோது அதுவும் அங்கிருந்து எடுத்த சொல்தான்.

நம் பேச்சு மொழியை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சேரி மொழியில் எழுதுவதற்காக நாம் வாங்கிய அடி கொஞ்சமா? அந்த உரிமையை விட்டுத்தர முடியாது. அதே நேரம், 'ஒங்க மொழியிலேயே எழுதுங்க, அதுதான் அழகு' என்று சொல்லி மற்ற அலமாரிகளைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்கிறவனையும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். டக்ளஸ் பண்ணைக் கொச்சையில் பேச மறுத்தது அந்தப் பேச்சு கேவலம் என்பதால் அல்ல. அடிமைகளின் பாட்டில் இருந்த துயரத்தை அவரைப் போல எழுதியவர்கள் குறைவு. தான் எப்படிப் பேச வேண்டும் என்று இன்னொருவன் தீர்மானிப்பதைத்தான் அவர் மறுத்தார்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் ஒரே நாளில் சொல்லவில்லை. மூன்று நான்கு மாலைகள் ஆயின. மற்றவர்களும் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். கைடை மூடிவைத்துவிட்டு டக்ளஸின் நூலையே வாசிப்பது என்று முடிவானது. ஆளுக்கு ஒரு பத்தி. உச்சரிப்புத் தப்பினால் சிரிக்கக் கூடாது என்பது மட்டும் விதி. முதல் நாள் நானே தப்பினேன். யாரும் சிரிக்கவில்லை.

போன வாரம் அவள் நோட்டைப் பார்த்தேன். 'அபாலிஷன்' என்ற சொல்லுக்கு நேரே 'ஒழித்தல்' என்று முன்பு எழுதியிருந்தாள். அதை அடிக்கவில்லை. பக்கத்தில் பச்சை மையில் ஒரு கேள்வி சேர்த்திருந்தாள்: 'எதை?'